டைக்கு வந்த இலைநோய்

ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள், மங்களம் வளர்த்த இரண்டாயிரம் கித்தா எனும் ரப்பர் நாற்றுகளையும் எரித்துவிடுவதென்று முடிவாயிற்று. நாற்றுகளுக்கு நோய் என்று சொன்னவர் ஆராய்ச்சி அதிகாரி பஞ்சலிங்கம். அவருக்குச் சொன்னது இலைபுடிச்சான் என்ற இயந்திரம்.

சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 1981இல் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஒரே இலை வாராவாரம் எவ்வளவு வளர்கிறது, எங்கே புள்ளி விழுகிறது என்று அறிய அதைப் படமெடுக்க வேண்டும். இலையோ சுருளும், காற்றில் ஆடும். பறித்து நேராக்கலாம் என்றால் அடுத்த வாரம் படமெடுக்க இலை இருக்காது. ஆகவே பஞ்சலிங்கம் வரைபடம் போட, மங்களத்தின் கணவன், ஒர்க்‌ஷாப் மெக்கானிக் சன்னாசி, இந்த இயந்திரத்தைச் செய்தான்.

லாரி வைப்பர் மோட்டாருக்கு அப்படியும் இப்படியும் ஆடுவது பிறவிக்குணம். அதில் ஒரு கை. கையின் நுனியில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் சுழலும் விசிறி காற்றை உறிஞ்ச, பக்கத்தில் இருக்கும் இலை வந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். கை திரும்பி, காம்போடு இருக்கும் இலையை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நீட்டும். சைக்கிள் பிரேக் கண்ணாடிகளை அழுத்தும். அழுத்தும்போதே ஒரு கம்பி, மேலே பெட்டிக்குள் இருந்து கண்ணாடி வழியே கீழே பார்க்கும் கேமராவின் பொத்தானை இழுக்கும். சடக்! விசிறி நிற்கும், இலை விடுபடும், இதையெல்லாம் சுமக்கும் வண்டி சிறு தண்டவாளத்தில் அடுத்த கன்றுக்கு நகரும்.

இதில் ஒரே குறை, இலைக்கும் மற்றதுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. முதல் வாரமே தோட்டத் தொழிலாளி பத்துமலையின் துண்டைப் பிடித்து நான்கு படம் எடுத்துவிட்டது.

"ஒரு படம் எனக்குக் குடுங்க ஐயா, பொண்ணு பாக்க அனுப்பலாம்" என்றான் பத்துமலை.

இப்போது அதே பத்துமலை மண்ணெண்ணெய் டின்னோடு நாற்றுமேடை ஓரத்தில் நின்றான். அரசாங்க எரிப்பு என்பதால் பஞ்சலிங்கம் சிவப்பு டை கட்டி வந்திருந்தார்.

மங்களம் வழியை மறித்தாள். "ஐயா, ஒன்னு ஒன்னா பெரட்டிப் பாத்துட்டேன். ஒரு எலையிலயும் புள்ளி இல்ல."

"கண்ணுக்குத் தெரியாது மங்களம். இயந்திரத்துக்குத் தெரியும். பாருங்கோ." அவர் கறுப்பு வெள்ளைப் படங்களைச் சீட்டுக்கட்டுபோல விரித்தார். எல்லா இலையிலும் ஒரு புள்ளி. நடுவில் கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம். "நாற்பத்தெட்டு இலை. நாற்பத்தெட்டிலும் ஒரே அளவு. இப்படி ஒழுங்கான நோயை நான் கண்டதே இல்லை. கோலாலம்பூருக்குத் தந்தியே அடிச்சிட்டன்."

"ஒழுங்கா வர்ற நோயா? எங்க ஊட்டுக்காரரே ஒழுங்கா வேலைக்கு வரமாட்டாரு!"

"என்னைய ஏன்டி இழுக்குற?" என்றான் சன்னாசி.

"ஒன் மிசின்தான என் கன்னை இழுக்குது! எட்டு மாசம் தண்ணி ஊத்தி வளத்தது லா. ஒரு மணி நேரத்துல சாம்பலாக்கப் பாக்குறீங்க."

பஞ்சலிங்கத்துக்கும் மனம் கேட்கவில்லை. "சரி. கடைசியா ஒரு படம் எடுத்துப் பார்ப்பம்" என்று சொல்லி இயந்திரத்தை முடுக்கினார். குனிந்து ஓர் இலையைக் கையால் காட்டினார். குழாய் இலையைப் பார்த்தது, டையைப் பார்த்தது, டையைத் தேர்ந்தெடுத்தது.

"ஐயோ, விடு! சன்னாசி, நிப்பாட்டு!"

கை திரும்பியது. டையோடு அதிகாரியும் திரும்பினார். கண்ணாடிகள் அழுத்தின. சடக்! விசிறி நின்றது, அவர் விடுபட்டார். வண்டி ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கன்றுக்கு நகர்ந்தது.

"அழகா வந்திருக்கும் ஐயா" என்றான் பத்துமலை. "பொண்ணு பாக்க அனுப்பலாம்."

பஞ்சலிங்கம் படச்சுருளை எடுத்துக்கொண்டு கழுவிப் பார்க்கப் போனார். படச்சுருளில் வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக அவர் எப்போதும் பெட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே கைவிட்டுத் தடவியே எடுப்பார். பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததே இல்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தார். கழுத்தில் டை இல்லை. கையில் ஒரே ஒரு படம். அதை மங்களத்திடம் நீட்டினார்.

கசங்கிய டை. அதன் நடுவில் ஒரு புள்ளி. உள்ளே கறுப்பு, சுற்றிலும் வெளிறிய வளையம்.

"அடடா, ஒங்க டைக்கும் நோய் வந்திருச்சே ஐயா!" என்று பத்துமலை டின்னைத் தூக்கினான். "மொதல்ல அத எரிச்சிருவமா?"

எல்லோரும் சிரித்தார்கள், மங்களத்தைத் தவிர. படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். வளையத்தின் இடது ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தாள். சிறு வயதில் கத்தி பட்டு, அந்த விரல் நுனியும் இடது ஓரத்தில் நசுங்கித்தான் இருந்தது.

"ஐயா... ஆயுத பூஜை அன்னிக்கு..." குரல் இறங்கியது. "மிசினுக்குப் பொட்டு வச்சேன். சக்கரத்துக்கு, பேட்டரிக்கு... இவரு பெட்டியைத் தொறந்து விட்டாரு. கேமராவுக்குக் கீழ இருக்குற கண்ணாடிக்கும்."

"கண்ணாடியிலயா?"

"கண்ணாடிதான ஐயா அதுக்கு நெத்தி! மொதல்ல சந்தனம், நடுவுல குங்குமம்."

சன்னாசி பெட்டியைத் திறந்தான். உள்ளே கண்ணாடியின் நடுவில், காய்ந்து இறுகி, பொட்டு மங்களகரமாக இருந்தது. பஞ்சலிங்கம் குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் எச்சில் தொட்டு, இரண்டாயிரம் நாற்றுகளின் நோயையும் ஒரே துடைப்பில் குணப்படுத்தினார்.

"மண்ணெண்ணெயைக் கொண்டுபோங்கோ" என்றார். "அடுத்த வருஷம் சக்கரத்தில மட்டும் வையுங்கோ மங்களம். எத்தனையும் வையுங்கோ."

மூன்றாம் நாள் கோலாலம்பூரிலிருந்து பதில் தந்தி வந்தது. புதிய நோயின் மாதிரியை உடனே அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பஞ்சலிங்கம் நாற்றுமேடைக்கு வந்து தந்தியை நீட்டினார். மங்களம் வாங்கி, சன்னாசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இதுக்கா ஐயா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? இருங்க, வாரேன்" என்று வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் கையில் இரண்டு சின்னப் பொட்டலங்கள் இருந்தன. "இது சந்தனம், இது குங்குமம். மொதல்ல எத வைக்கணும்னு மறக்காம எழுதி அனுப்பிருங்க."