காற்றைப் பார்த்த கற்கள்

சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவளுக்கு அன்று காலை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னால் பறவை பார்க்க வந்த எட்டுப் பேர். அவர்களுக்கும் பின்னால் மழைச்சட்டை போட்ட மேற்பார்வையாளர் அம்மாள், கையில் அட்டையும் காகிதமுமாக. இன்றைய நடையைச் சரியாக நடத்திக் காட்டினால் கடற்கரை வழிகாட்டி வேலை உறுதி, இல்லையென்றால் வீடுதான். கம்பெனியை மூடி ஏழு மாதம். இருபத்தோரு வருடம் துணி வெட்டிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? நன்றாயிருந்த திரைச்சீலைகளை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாகிவிட்டது.

இதில் நாத்தனார் வேறு. துணைக்கு வருகிறேன் என்று கிளம்பியவள், போன வார ஒத்திகையில் அண்ணி வலை மிதவைகளைக் கடற்காக்கை என்று எண்ணிப் பதினொன்று என எழுதியும் வைத்த கதையை வழியெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

இலையுதிர் காலத்து வாடை, புதர்களில் மிச்சமிருந்த இலைகளைப் பிய்த்து மணலில் உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு தும்பி புல் தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடியது. வானம் துணி அலசிய தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. மாஸ்டர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நடந்தாள், குரலும் மெல்ல நிலைக்கு வந்தது.

கூழாங்கல் திட்டு வந்ததும் அங்கே ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். மாஸ்டருக்கு மிதவை ஞாபகம் வந்து தொலைத்தது.

"இல்லைங்க, வெறும் கல்லு. நடுவுல போயிடலாம்."

மேற்பார்வையாளர் அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

பத்தடி போயிருப்பார்கள். நாத்தனார் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முகத்தில் கிண்டல் இல்லை.

"அண்ணி, உங்க கல்லு ஒண்ணு கண்ணை மூடி மூடித் திறக்குது."

மாஸ்டர் குனிந்து பார்த்தாள். வெல்வெட் துணியைத் தடவிப் பார்க்கிற பார்வை அது. வெல்வெட்டின் மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும், அதைப் பார்க்காமல் கத்தரி வைத்தால் துணி பாழ். இந்தக் கற்களில் பாதி ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. அலகை இறகுக்குள் செருகிய உள்ளான் குருவிகள்.

"எல்லாரும் மெதுவா உக்காருங்க. நான் சொன்னது தப்பு. இதுங்க ராத்திரி பூரா கடல் மேல பறந்து வந்து தூங்குது. இப்ப கிளப்பிவிட்டா பறக்கத் தெம்பிருக்காது."

"மழை வருதே," என்றார் மேற்பார்வையாளர் அம்மாள். "நடையை முடிக்க வேணாமா?"

வேலை கண்முன்னே நழுவுவது மாஸ்டருக்குத் தெரிந்தது.

"முடிக்கலைன்னா போகுதுங்க. அதுங்களா எழுந்திரிக்கட்டும்."

மழை பிடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் தன் சால்வையை இருவர் தலைக்குமாக இழுத்துப் போட்டு, "இத்தனை பேரைக் குளிப்பாட்டிட்டீங்களே, மகராசி," என்று காதில் முணுமுணுத்தாள். அட்டையிலிருந்த காகிதத்தில் மை கரைந்து ஓடியது. அம்மாள் அதைத் துடைத்துப் பார்த்தார், பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு தவழாத குறையாக மாஸ்டர் பக்கம் நகர்ந்து வந்தார்.

"எது கல்லு, எது பறவைன்னு எப்படிங்க பிரிக்கிறீங்க?"

"கல்லு கண்டபடி கிடக்கும். காத்தைப் பாத்து உக்காந்திருக்கிறதை மட்டும் எண்ணுங்க."

அம்மாளின் உதடுகள் அசையத் தொடங்கின. அவர் முப்பதை நெருங்கும்போது காற்று சற்றே கிழக்கே திரும்பியது. திட்டில் கிடந்த கற்களில் பாதி, அலகை வெளியே எடுக்காமலே, மெல்லத் திரும்பிக்கொண்டன.