ஐந்து விரல் துரு

காலையில் ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். வாளி வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அன்றைக்கான உளிகளை ஊறப் போட்டேன். குளித்து வேலைக்குக் கிளம்பினேன். மூன்று வாரமாக இதுதான் ஒழுங்கு.

உளிகள் என் மனைவியுடையவை. அவள் தச்சர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அவளும் அவள் தங்கையும் அங்கே மேசை, நாற்காலி செய்துகொண்டிருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவள் இறந்தாள். நான் முன்னறையைப் பூட்டினேன். பூட்டிய அறைக்குள் சுவர்க் குழாய் ஒன்று கசிந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் அவள் தங்கை கருவிகளைக் கேட்டுத் திறந்தபோது பெட்டி முழுக்கத் துரு.

மச்சினி தலையில் அடித்துக்கொண்டாள். என் மனைவி அவளைச் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவாள். வாயைத் திறந்தால் அடிதான்.

“பூட்டி வெச்சு என்ன பண்ணீங்க மாமா, அடைகாத்தீங்களா?”

“நான் சரி பண்ணித் தரேன்.”

“நீங்களா? ஆணி அடிக்கச் சொன்னா விரல அடிப்பீங்க.”

“துரு எங்க ஆளு.” நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

“அப்ப உங்க சொந்தக்காரங்கள நீங்களே வெளிய அனுப்புங்க.”

அனுப்பினேன். துருவைப் பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. மரக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை முதலில் சோப்பால் எடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஐம்பது கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம்; காலையிலிருந்து மாலை வரை ஊற வேண்டும். இரும்பு கறுத்து வரும், பயப்படக் கூடாது. பழைய பல் பிரஷால் தேய்த்தால் சாம்பல் நிறம் தெரியும். சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் பூச வேண்டும். ஈரத்தோடு விட்டால் கண் முன்னாலேயே மறுபடி பூக்கும்.

ஒரு தவறு நடந்தது. கல்லூரியில் தேர்வு நேரம். சின்ன ரம்பத்தை இரண்டு நாள் ஊறவிட்டுவிட்டேன். அமிலம் பல்லைத் தின்றுவிட்டது. சுத்தியல் அதைத் தடவிப் பார்த்தாள்.

“இதால இனிமே வெண்ணெய்தான் வெட்டலாம். படிச்சவரு வேலை.”

மற்ற எல்லாம் சரியாக வந்தன. ஒன்றுதான் பாக்கி, பலகையை வழவழப்பாக்கும் இரும்பு இழைப்புளி. அதைத்தான் அவள் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நாளைக்கு, நாளைக்கு என்றேன்.

அது பெட்டிக்குள் இருக்கவில்லை. வேலை மேசையில், என் மனைவி வைத்த இடத்திலேயே பக்கவாட்டில் கிடந்தது. கசிவு அதற்கு எட்டவில்லை. ஐந்து துருத் தடங்களைத் தவிர இரும்பு பளபளவென்றே இருந்தது. ஒரு பக்கம் நான்கு விரல். மறுபக்கம் கட்டைவிரல், ரேகையோடு.

சிலருடைய வியர்வை அப்படி. “மத்தவங்க தொட்டா துலங்கும், நான் தொட்டா துருப்பிடிக்கும்” என்பாள். அதனால் கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் கை கழுவுவாள். ஒரே ஒரு நாள் தவறியது. இழைத்துக்கொண்டிருக்கும்போது வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கே அறுவை சிகிச்சை என்றார்கள். அதன் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா நான்கு முறை கேட்டுவிட்டார். “ஒண்ணும் சொல்லல அத்தை” என்றேன்.

சனிக்கிழமை காலை சுத்தியல் வந்தாள்.

“திங்கக்கிழமை சாப்பாட்டு மேசை கொடுத்தாகணும் மாமா. மெஷின்ல இழைச்சா பலகை அலை அலையா நிக்குது. அக்காவோட இழைப்புளி வேணும். தர்றீங்களா, நானே எடுத்துக்கவா?”

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். தன் விரல்களைத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. அக்காவுக்குக் கை பெரிது.

“இது இப்படியே இருக்கட்டும் மாமா. நான் புதுசு வாங்கிக்கறேன்.”

“புதுசு எதுக்கு?”

“உங்களுக்கு வேணாமா இது?”

“துரு சும்மா நிக்காது. பரவும். அப்புறம் விரலும் தெரியாது, இரும்பும் குழி விழும்.”

இது எனக்கு முதல் நாளே தெரியும். இழைப்புளியை வாங்கி மேசையில் வைத்தேன். உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுக் கட்டைவிரலில் ஆரம்பித்தேன். நாலு இழுப்பில் ரேகை போயிற்று. துடைத்த துணி செம்மையாக இருந்தது. பிறகு மறுபக்கம். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவள் இழைப்புளியின் அலகைக் கழற்றித் தீட்டினாள். பொருத்தி, ஒரு பலகையில் வைத்துத் தள்ளினாள். நீளமாக ஒரு சுருள் எழுந்து, அறுபடாமல் தரையில் விழுந்தது. பலகையைத் தடவினாள்.

“கண்ணாடி” என்றாள்.

திரும்ப வாங்கித் துடைத்து எண்ணெய் ஊற்றினேன்.

“ஐயோ, போதும் மாமா! வழியுது. யாரு இவ்ளோ ஊத்தச் சொன்னா?”

“உங்க அக்கா எண்ணெய் போடத்தான் சொன்னா.”

“எப்ப?”

“ஸ்ட்ரெச்சர்ல. உள்ள தள்ளிட்டுப் போகும்போது.”

அவள் என்னையே பார்த்தாள். “அம்மா கேட்டப்ப ஒண்ணுமே சொல்லலன்னீங்களே.”

“இத எப்படி அத்தைகிட்டச் சொல்றது? அத நான் செய்யவும் இல்ல.”

“அப்படியே சொல்லுங்க. அவ சொன்ன மாதிரியே.”

சொன்னேன்.

“இழைப்புளிக்கு எண்ணெய் போடாம வந்துட்டேன். இன்னைக்கே போட்டுடு. நெறைய ஊத்தாத, அதுல எதையும் பொரிக்கப் போறதில்ல.”