கழற்றாத ஷூ

ஆளை முடிக்கப் போகும்போது அவன் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவான். சத்தம் கேட்கக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம், நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. முதலாளியின் ஆட்கள் அவனை வெறுங்கால் என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. ஓர் ஆளைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தவன், அந்த ஆள் காட்டிக்கொடுத்தால் தன் கையாலேயே முடிக்க வேண்டும். டிரைவரைக் கொண்டுவந்தது வெறுங்கால்தான். தங்கை புருஷன், வண்டி நன்றாக ஓட்டுவான் என்று சிபாரிசு செய்திருந்தான். போலீசுக்குத் துப்புக் கொடுத்தது அந்த டிரைவர்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

“பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடு,” என்றார் முதலாளி, பழத்தை உரித்தபடி. “இல்லேன்னா டாக்டர் போவான். அவன் போனா உன்னையும் சேர்த்துத்தான். உன் தங்கச்சியும் மிஞ்ச மாட்டா.”

டாக்டர் சுவரோரம் நின்றிருந்தான். மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் சுடுவான், அதனால் வந்த பெயர். முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியின் மேல் இருவருக்குமே கண்.

“நிதானமாப் பண்ணுங்கண்ணே,” என்றான் டாக்டர். “சொந்தக்காரங்க விஷயம். அழுகை வந்தா சொல்லுங்க, கைக்குட்டை தரேன்.”

டிரைவர் ஒளிந்திருக்கும் இடத்தைத் தங்கையே சொன்னாள். “அண்ணா, அவரை எப்படியாவது கூட்டிட்டு வந்துடு. பெட்டி கட்டி வெச்சிருக்கேன். மூணு பேரும் எங்கேயாவது போயிடலாம்.” பேசும்போது அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். ஆளை முடித்துவிட்டு வரும் நாட்களில் அவன் ஷூவைக் கையில் பிடித்தபடி வந்து, குழாயடியில் பாதத்தை வெகுநேரம் தேய்த்துக் கழுவுவான். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அது ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம். விடுமுறை நாள். வேலையாட்கள் இல்லை. இருட்டியதும் வண்டி வந்து அழைத்துப்போகும் என்று சொல்லி போலீஸ்காரர்கள் டிரைவரை அங்கே விட்டிருந்தார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அவன் உலர்த்தும் இயந்திரத்தை ஓடவிட்டிருந்தான். அதன் இரைச்சலில் கூடமே அதிர்ந்தது. கொடிகளில் வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கின. கீழே முழங்கால் உயரத்துக்கு மட்டும் இடைவெளி. தரையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

முன்வாசல் வழியாக வந்தவனை டிரைவர் ஏற இறங்கப் பார்த்தான். பார்வை காலில் நின்றது.

“ஷூவோட வந்திருக்கே மச்சான்! அப்ப எனக்கு ஆயுசு கெட்டிதான்.”

“வாயை மூடிட்டுக் கிளம்பு. அவ காத்துக்கிட்டு இருக்கா. போலீசும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

“திட்ட மாட்டியா?”

“திட்டினா தீந்துடுமா? ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணினே?”

டிரைவர் ஒரு விரிப்பின் ஓரத்தை நீவினான். “டிக்கியில ஒருத்தனைப் போட்டு அனுப்பினாங்களே, வழி பூரா தட்டிக்கிட்டே வந்தான். ரேடியோவைச் சத்தமா வெச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தப்பவும் தட்டற மாதிரியே இருந்தது. உன் தங்கச்சி கதவைத் தட்டினாக்கூடத் தூக்கிவாரிப் போடுது.”

அந்த ஆளை டிக்கிக்குள் தூக்கிப் போட்டதே வெறுங்கால்தான்.

பின்பக்கத்தில் சரக்கு இறக்கும் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

“என்னண்ணே, முடிஞ்சுதா?” டாக்டரின் குரல். “பொழுது சாயற வரைக்கும் காத்திருக்கலாம்னுதான் பார்த்தேன். பொறுமை இல்ல.”

தன் பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்திருக்கிறான் என்று வெறுங்காலுக்குப் புரிந்தது. துப்பாக்கியை உருவிக்கொண்டான். டாக்டர் எந்த வரிசையில் நிற்கிறான் என்று தெரியவில்லை. வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

டிரைவர் அவன் காதருகே வந்தான். “நீ இருந்தாத்தான் மச்சான் அவ இருப்பா.”

சொல்லிவிட்டு, ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினான். ஈரத்தரையில் வெறும் பாதத்தோடு இரண்டு வரிசை தள்ளிப் போய் அசையாமல் நின்றான். செருப்பைப் போடும்படி வெறுங்கால் கையை ஆட்டிக் காட்டினான். டிரைவர் தலையாட்டி மறுத்தான்.

விரிப்புகளின் அடியில் டாக்டர் குனிந்து பார்த்தான். ஓரிடத்தில் ஷூ போட்ட கால். இன்னோரிடத்தில் வெறும் கால். துப்பாக்கி வைத்திருப்பவனைத்தான் முதலில் சாய்க்க வேண்டும். அவன் எப்போதும் எப்படி வருவான் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முன்வாசல் வழியாக வந்திருந்தால், அங்கே ஷூ இல்லாததை டாக்டர் கவனித்திருப்பான்.

வெறும் கால் நின்ற விரிப்பில் மூன்று ஓட்டைகள் விழுந்தன.

வெறுங்கால் சத்தம் வந்த திசையில் சுட்டான், மறுபடி சுட்டான், கைத்துப்பாக்கி காலியாகும் வரை சுட்டான். கொடி அறுந்து, டாக்டர் துணிக்குவியலோடு சரிந்தான். கையுறை விரல்கள் கொஞ்ச நேரம் துணியைப் பிசைந்துவிட்டு நின்றன.

டிரைவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அவன் குனிஞ்சு பார்ப்பான்னு தெரியும்,” என்றான். “எத்தனை தடவை வண்டியில கொண்டுபோய் விட்டிருக்கேன்.”

“பேசாதே. எழுந்திரு மாப்பிள்ளை. பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருக்கா.”

“வீட்டையே கட்டியிருப்பா... தூக்க முடியாது உன்னால.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெறுங்கால் தன் துப்பாக்கியைத் துடைத்து டிரைவரின் கையில் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான். பிறகு முதலாளிக்கு போன் செய்தான்.

“முடிஞ்சுது.”

“டாக்டர்?”

“முன்னாடியே வந்துட்டான். டிரைவர் அவனைச் சுட்டுட்டான். அப்புறம் நான் டிரைவரை...”

“சரி. சட்டப்படி நடந்துக்கிட்டே. உன் தங்கச்சியைப் பத்திக் கவலைப்படாதே. நாளையிலேருந்து என் பக்கத்துல உக்காரு.”

வீட்டு மாடிப்படியை அவன் மெதுவாக ஏறினான். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் கீழே பார்த்தாள். காலில் ஷூ இருந்தது. நாடாகூட அவிழவில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே அண்ணா, மன்னிச்சுக்கோ. அவரு கீழே வண்டியிலயா இருக்காரு?”

பதிலுக்குக் காத்திராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவனைத் தாண்டிப் படியிறங்கினாள்.