குறுக்காக வெட்டிய வால்கள்

றிக்சனின் படகில் ஆழ்கடலுக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் பாரை மீன் பிடிக்கும் ஜிக் என்ற போலி இரைகள் அவனுடைய தங்கை றீற்றா லிங்கநகர் வீட்டில் இருந்து கட்டியவை. ஈயத்தலை, அதில் ஒரு தூண்டில், பின்னால் செயற்கை இழையில் வால். ஈயத்தை யாரும் வார்க்கலாம், இழையை யாரும் கட்டலாம். வாலை வெட்டுவதில்தான் எல்லாம் இருந்தது.

றீற்றா கத்தரிக்கோலை ஒருநாளும் குறுக்கே வைக்கமாட்டாள். இழைகளைச் சீப்பால் வாரி, சிலவற்றை இழுத்து நீட்டிவிட்டு, கத்தரிக்கோலை நுனிப்பக்கம் நெடுக்காகப் பிடித்து மயிர் மயிராகக் குறைப்பாள். பிறகு வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்ப்பாள். நெத்தலி போல நெளியாவிட்டால் மறுபடியும் வெட்டு. ஒரு வாலுக்கு அரை மணித்தியாலம் போகும்.

சித்திரையில் ஒரு பிரெஞ்சுக்காரர் அவள் கட்டிய ஜிக்கில் நாற்பது கிலோப் பாரையொன்றைத் தூக்கினார். படம் எங்கும் பரவியது. உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் தூண்டில்காரர்களின் கூட்டம் வைத்து றிக்சனைப் பேச அழைத்தார்கள். அவன் றீற்றாவையும் வரச்சொன்னான். அவள் நல்ல சீலையாகத் தேடி உடுத்துக்கொண்டு போனாள். படகோட்டி அபூதாஹிருக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. மூதூர்க்காரரான அவர் எட்டு வருடமாக றிக்சனின் படகை ஓட்டுபவர்.

ஜிக் கட்டுவது யார் என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான் கட்டுறனான்," என்றான் றிக்சன். "தங்கச்சி நூல் பிடிச்சுத் தருவா."

வால் வெட்டுவது எப்படி என்று ஒரு பெண் கேட்டபோது அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. வால் ஓரிடத்தில் முடியக்கூடாது, தண்ணீரில் கரையவேண்டும் என்றான். அது குசினி மேசையில் வைத்து றீற்றா அவனுக்குச் சொன்ன வசனம். சொல் மாறாமல் சொன்னான். கைதட்டினார்கள். தன் பெயரை மறைத்ததைவிட அந்த வசனம் போனதுதான் அவளுக்கு எரிந்தது.

திரும்பி வரும்போது வாகனத்தில் வைத்து ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"கடல் காணாத பொம்பிளை கட்டினதெண்டா ஆர் நம்புவினம்?"

"எங்கட ஐயாவோட வள்ளத்தில கடலுக்குப் போனது நான், அண்ணா. நீங்கள் ஏறினாலே சத்தி எடுப்பீங்கள்."

றிக்சன் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த கிழமை ஜேர்மன்காரர்களுக்காக முப்பது ஜிக் கேட்டான். றீற்றா இழைகளைக் கட்டினாள், கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்தாள், ஒரே வெட்டு. வாளியில் போட்டுப் பார்க்கவும் இல்லை. மற்ற நாட்களில் இரண்டு கிழமை எடுக்கும் வேலை இரண்டு பின்னேரங்களில் முடிந்தது. ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டு, ஒரு மீனும் அகப்படக்கூடாது என்று மன்றாடினாள். மன்றாடியபின் வெட்கமாக இருந்தது. ஆனாலும் மன்றாட்டைத் திரும்பப் பெறவில்லை.

மூன்றாம் நாள் றிக்சன் சிரித்துக்கொண்டு வந்தான். ஃபோனில் ஏழு பாரைகளின் படங்கள் இருந்தன.

"இவ்வளவு கெதியாக் கட்ட ஏலுமெண்டா ஏன் இவ்வளவு நாளும் மினக்கெட்டனீ?" என்று கேட்டான். "இனி இப்பிடியே கட்டு."

பின்னேரம் அபூதாஹிர் ஒரு பையில் மீனோடு கேற்றடியில் நின்றார்.

"தங்கச்சி, இந்தமுறை வாலெல்லாம் தும்புத்தடி மாதிரி மொட்டையாக் கிடந்திச்சு," என்றார். "மீன் கூட்டமா நிண்டதால கொத்திச்சு. உங்களுக்குச் சுகமில்லையா?"

அவளுடைய கைவேலையில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். ஓம், கொஞ்சம் சுகமில்லை என்றாள்.

அவர் போகாமல் நின்றார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்டைக்கு ஹோட்டல்ல நான் சொல்லியிருக்கலாம். வாய் வரல்ல," என்றார்.

"இப்ப கேற்றடியில வாய் வந்திட்டுதே, அபூதாஹிர் நானா," என்றாள் றீற்றா. "இஞ்ச ஆர் கேக்கினம்?"

அவர் பையை மதிலில் வைத்துவிட்டுப் போனார். மீன் பழுதாகிவிடும் என்பதால் அவள் அதை எடுத்துக் கழுவி வெட்டிக் குழம்பு வைத்தாள். றிக்சன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது றீற்றா எல்லா வாலையும் குறுக்காகவே வெட்டுகிறாள். மீன் சில நாள் கொத்துகிறது, சில நாள் கொத்துவதில்லை. கொத்தாத நாட்களில் றிக்சன் நீரோட்டத்தைக் குறை சொல்கிறான்.