இரண்டு பக்கமும் பதினேழு

அட்டைப்பெட்டி வெட்டும் பிரஸ்ஸில் என் வலது கையின் இரண்டு விரல்கள் போனது பதினைந்தாம் தேதி. மிதியை அழுத்தினால் மூன்று விநாடி கழித்துத்தான் கத்தி இறங்கும். கையை எடுக்க அது போதும். பன்னிரண்டு வருடப் பழக்கம். அன்று ஒரே விநாடியில் இறங்கிவிட்டது.

மிஷின் தூங்காது, நீதான் தூங்கியிருப்பாய் என்றார் சூப்பர்வைசர். என் தப்பு என்று எழுதிவிட்டால் வேலையும் போகும்.

விசாரணைக்குக் கம்ப்யூட்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரஸ்ஸுக்கு புரோகிராம் எழுதுவது என் மனைவியின் தம்பி. சாப்பிடும்போது ஒருநாள் அவனே பெருமையாக விளக்கியிருக்கிறான். அசல் என்று ஒன்று இருக்கும். சோதித்துப் பார்க்க அதிலிருந்து ஒரு கிளை பிரிப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எடுத்த வரி சிவப்பாகவும் போட்ட வரி பச்சையாகவும் தெரியும். கிளையை அசலோடு சேர்த்துவிட்டால் அப்புறம் வித்தியாசமே தெரியாதாம்.

மச்சினன் ஒப்பிட்டுக் காட்டினான். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பிரஸ்ஸில் ஏற்றியிருப்பதும் அசலும் ஒன்றுதான் என்று மேனேஜர் தலையாட்டினார்.

கைநாட்டு, கைநாட்டு என்று கேலி பேசினார்கள் என்பதற்காகவே நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். எதையும் மேலிருந்து எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். திரையின் தலைப்பில் இரண்டு பக்கமும் தேதி பதினேழு.

"பதினஞ்சாம் தேதி ரெண்டும் எப்படி இருந்துச்சுன்னு காட்டச் சொல்லுங்க சார்," என்றேன்.

காட்டப்பா என்று சொல்லிவிட்டு மேனேஜர் போன் பேச வெளியே போனார். மச்சினனின் பத்து விரலும் கீபோர்டின் மேல் அசையாமல் கிடந்தன.

"மூணை ஒண்ணாக்குனது நான்தான் மாமா. சோதனைக்கு வச்சிருந்த கிளை, தப்பா உங்க மிஷின்ல ஏறிடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு நானே அசலோட சேத்துட்டேன். காட்டுறேன். அப்புறம் அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

இவன் படிப்புக்காக அந்த பிரஸ் முன்னால் இரண்டு ஷிப்ட் நின்றிருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவும் படிப்பு வேண்டும் போல.

மேனேஜர் திரும்பி வந்து என்ன ஆச்சு என்றார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவியின் முகம் கண்முன் வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல சார்."

என் தப்புதான் என்று எழுதிய தாளை நீட்டினார். பேனா பிடித்த விரல்கள்தான் போய்விட்டனவே. மச்சினனே மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினான்.

கட்டைவிரலை வைத்தேன்.