போக மட்டும்

மலைப்பாதை அலுவலகத்தின் மேற்பார்வையாளர் முதல் அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை நின்றுவிட்டார். ஒரு முறை முள் சட்டையைப் பிடித்தது. மற்ற இரண்டு முறையும் மூச்சு. முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. இதுதான் பாதையா?"

"உங்க பாதை சார். என்னைக் கேக்கறீங்க."

"இப்படிப் புதர் மண்டிக் கிடக்கே."

"வருஷா வருஷம் வெட்டிச் சுத்தம் பண்றதா உங்க அறிக்கையில இருக்கு. ரெண்டாம் பக்கம். கையெழுத்து உங்களுது."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய தம்பி மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். நான்கு மாதத்துக்கு முன்பு, லீவு கிடைத்தது என்று மலையுச்சிப் புல்வெளியைப் பார்க்க இதே வழியில் தனியாக ஏறினான். இறங்கும்போது வழி தவறியது. மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் மேற்பார்வையாளர் எழுதியது இரண்டே வார்த்தை: சொந்த அலட்சியம்.

கால் போனதற்காக அவள் சண்டைக்கு வரவில்லை. அந்த இரண்டு வார்த்தைக்காக வந்தாள். தம்பி அதை மனப்பாடம் பண்ணிவிட்டான். சாப்பாட்டுத் தட்டை வைத்தால், "என் அலட்சியம்தானேக்கா." செயற்கைக் காலை மாட்டிப் பாருடா என்றால், "எதுக்குக்கா, அலட்சியமா திரிஞ்சவனுக்கு." காகிதத்திலிருந்து எடுக்காமல் அவன் வாயிலிருந்து எடுக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. தானே இரண்டு முறை ஏறி இறங்கிப் பாதையைப் பார்த்துவிட்டு நான்கு மனு எழுதினாள். நான்காவதற்குத்தான் நேரில் வந்து பார்க்கும்படி மேற்பார்வையாளருக்கு உத்தரவு வந்தது.

இடுப்பளவு பெரணிச் செடிகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனார்கள். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில் மேற்பார்வையாளர் தவழ்ந்து வந்தார். எழுந்ததும் எதிர் மரத்தைக் காட்டினார். பட்டையில் மஞ்சள் பெயிண்ட் கோடு.

"புதரை விடுங்க. குறியில யாராச்சும் குறை சொல்ல முடியுமா? அம்பதடிக்கு ஒண்ணு. குருடனுக்கும் தெரியும்."

"மேல போய்ப் பேசுவோம்."

மதியத்துக்குச் சற்று முன்பு மரங்கள் சட்டென்று முடிந்தன. அதற்கு மேல் வெறும் புல், காற்று, ஒன்றன்பின் ஒன்றாக நீலமாய் மடிந்து கிடந்த மலைகள். மேற்பார்வையாளர் வாய் திறந்தபடி நின்றார்.

"அடேயப்பா. பன்னிரண்டு வருஷமா இந்தப் பாதைக்கு நான்தான் பொறுப்பு. இங்க வந்ததே இல்லம்மா."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "பன்னிரண்டு வருஷமா?"

"ஆபீஸ் வேலையே சரியா இருக்குமே."

"இருக்கும், இருக்கும். வாங்க, இறங்கலாம். நீங்க முன்னாடி போங்க."

"நானா?"

"பொறுப்பு உங்களுதுதானே."

மரங்களுக்குள் நுழைந்ததும் அவருடைய நடை தளர்ந்தது. மஞ்சள் குறியைத் தேடினார். கண்ணில் பட்டதெல்லாம் வெறும் பட்டை. ஒரு மரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"ஓ. ஏறி வர்ற பக்கம்தான் இருக்கு."

ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கத்தைப் பெரணி மூடியிருந்தது. இடப்பக்கம் அகலமாக, சுத்தமாகத் தெரிந்தது. அவர் இடப்பக்கம் திரும்பினார். அவள் பின்னாலேயே போனாள். நூறு அடி தாண்டியதும் தரை முடிந்தது. மழைத்தண்ணீர் அறுத்த தடம் அது. கீழே ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு பாறைச் சரிவு. மேற்பார்வையாளர் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார்.

"இது இல்லையே."

"இல்ல."

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"பின்னாலயே வந்தேனே சார். அவன் பின்னால யாரும் வரல."

அவர் எட்டிப் பார்த்தார், உடனே பின்வாங்கினார். "வேலை ஆணையில 'மேலே செல்லும் வழியைக் குறியிடுக'ன்னுதான் இருந்தது. பெயிண்டர் சொன்னதைச் செஞ்சான்," என்றார்.

"ஆணை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். எங்க ஷெட்டுல ட்ரிப்புன்னா போக வர. காலையில பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கிட்டு, சாயங்காலம் ஆணையில வர்றதுக்கு எழுதலைன்னு நான் வீட்டுல படுத்துக்கிட்டா, அம்மாக்காரிங்க என் தோலை உரிச்சுடுவாங்க. நீங்க மனுஷங்களை மேல ஏத்தி விட்டுட்டு அம்போன்னு விட்டிருக்கீங்க. விட்டுட்டு அவனை அலட்சியம்னு வேற எழுதறீங்க."

"ஆபீஸ் போனதும் பார்க்கறேம்மா."

"பார்த்தது போதும். எழுதுங்க. இங்கயே."

"மிரட்டறீங்களா?"

"நான் எங்க தடுத்தேன்? வழி தெரிஞ்சா போங்க."

அவர் வந்த பக்கம் பார்த்தார். பெரணி மூடிக்கொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து, பையிலிருந்து விசாரணை அறிக்கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"'குறிகள் போதுமானதாக இல்லை'ன்னு போடறேன்."

"போதலையா? விருந்தா பரிமாறினீங்க, போதலைங்கறதுக்கு? இறங்கற திசையில ஒண்ணுகூட இல்லைன்னு போடுங்க."

போட்டார்.

"அந்த ரெண்டு வார்த்தை?"

ஒரு கோடு இழுத்தார்.

"இன்னும் படிக்க முடியுது."

காகிதம் நைந்துபோகும்வரை மேலும் கீழும் கிறுக்கினார். பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "காரணம்ங்கற கட்டத்தைக் காலியா விடக்கூடாதும்மா. படிவம் செல்லாது," என்றார்.

"அப்ப நிரப்புங்க."

'அலுவலகத்தின் கவனக்குறைவு' என்று மெதுவாக எழுதிக் காட்டினார்.

"அலுவலகம்னா? நாற்காலியா, ஃபேனா?"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். குனிந்து, அலுவலகத்தை அடித்துவிட்டு, மேற்பார்வையாளரின் என்று எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

அவள் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தாள். செல்போனில் படமெடுத்துக்கொண்டு அறிக்கையை அவரிடமே கொடுத்தாள்.

"இப்பவாச்சும் கோபம் தணிஞ்சுதாம்மா?"

"இதை அவன்கிட்டப் படிச்சுக் காட்டணும். அவன் நம்பணும். நம்பலைன்னா நீங்களே வந்து சொல்லணும். எங்க வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது," என்று சொல்லிவிட்டு, பெரணியை விலக்கிக்கொண்டு நடந்தாள். "பின்னாலயே வாங்க. பேசாம வாங்க."