தலையணைக்குள் இருந்த கட்டி

மெத்தைக்காரர் வீட்டில் யார் இருமினாலும் முதலில் அதற்குப் பஞ்சுத் தூசி என்றுதான் பெயர். முன்கூடத்தில் பொழுது விடிந்தால் வில்லால் பஞ்சு அடிக்கிற வீட்டில் தொண்டை கமறாமல் இருந்தால்தான் அதிசயம். மூத்த மகனும் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கோழையில் ரத்தம் கண்ட பிறகு சயரோகம் என்றார்கள். அடுத்த மழையைப் பார்க்க அவன் இல்லை. இப்போது இளையவன் படுக்கையில் கிடந்தான்.

ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தால் அது யாரோ செய்த வேலையாகத்தான் இருக்கும் என்பது அந்நாளைய மனிதர்களின் தீர்மானம். செய்தது யார் என்று கண்டுபிடிக்கத்தான் குறிசொல்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் நோயாளியின் நாடியைத் தொடவில்லை. தலைமாட்டைத்தான் பார்த்தார்.

"அந்தத் தலையணையைப் பிரிங்க."

அதை முன்கூடத்துக்குக் கொண்டுவரச் செய்து, நோயாளியின் தாய் தையலைப் பிரித்தாள். பஞ்சின் நடுவிலிருந்து எலுமிச்சை அளவில் கெட்டியாக ஒரு கட்டி உருண்டு வந்தது.

"உசிரை உள்ள வச்சுக் கட்டியிருக்கு. இதைத் தைச்ச கை எது?" என்றார் அவர்.

அந்த வீட்டில் தலையணை தைப்பவள் இளைய மருமகள் ஒருத்திதான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என் புருஷனுக்கு நானே இதைச் செய்வேனா, அத்தை?"

"நீ செஞ்சேன்னு நான் சொல்லலையே," என்றாள் மாமியார். "உங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். நாளைக்கு வந்துடுவாரு. கொஞ்ச நாள் அங்க போய் இரு. நீ இல்லாதப்போ இவன் தேறுறானான்னு பாப்போம்."

மூத்த மருமகளையும் கொஞ்ச நாளைக்கென்றுதான் அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவேயில்லை.

உள்ளறைக்குள் போனதும் கணவன் மெல்லச் சிரித்தான். "உசிரையே கட்டுற கெட்டிக்காரியா இருந்தா, முதல்ல என் இருமலை இல்ல கட்டிப் போட்டிருப்பே?"

அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் போய்விட்டால் அவனுக்கு முதுகைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பெற்றவள்கூட இப்போதெல்லாம் வாசல்படியோடு நின்றுவிடுகிறாள். அதைவிட அவளை வாட்டியது மாமனாரின் மௌனம். தலைச் சூட்டிலும் வியர்வையிலும் பழைய பஞ்சு கட்டி கட்டியாக இறுகிப்போகும்; அந்தக் கட்டிகளை ஐம்பது வருஷமாக அடித்து உதிர்த்தே சோறு தின்றவர் அவர். அவரும் அதை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவரைப்போல வெறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில், அண்ணன் வந்து சேருமுன், வீட்டிலிருந்த தலையணைகள் அத்தனையையும் முன்கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். கத்தரியை மாமனார் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாத்தையும் பிரிச்சுப் பாருங்க, மாமா. நான் கையே வைக்கமாட்டேன்."

அவருடைய தலையணையில் இரண்டு கட்டிகள் இருந்தன. அவளுடையதில் ஒன்று. பரண்மேல் கிடந்த மூத்தவனுடையதில் மூன்று. அவளுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. கடைசியாக மாமியாருடையதைப் பிரித்தார். பஞ்சு பால் நுரைபோலப் பொங்கி வழிந்தது. எவ்வளவு துழாவியும் ஒரு கட்டிகூட அகப்படவில்லை.

மெத்தைக்காரர் தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"உன்னுதுல மட்டும் ஏன் இல்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பெரியவனுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊட்டினது நீதானே," என்றார் அவர். அதற்குள் அண்ணன் வந்து வாசலில் நின்றிருந்தான். உள்ளே வருவதா வேண்டாமா என்று அவனுக்குப் புரியவில்லை.

இளைய மருமகளுக்கு விஷயம் தெரியும். நான்கு நாளைக்கு முன் மாமியார் கழுத்து வலிக்கிறது என்றாள். அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதியதை அடைத்துத் தைத்து வைத்தவள் இவள்தான். இப்போது அதைச் சொன்னால் பழி திரும்பவும் தன் கையிலேயே வந்து விழும். வாயை மூடிக்கொண்டிருந்தால் கணவன் பக்கத்திலேயே இருந்துவிடலாம். மாமியாரைப் பார்த்தாள். முந்தானையை இறுகப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் அவள். நேற்று இதே கூடத்தில் தானும் அப்படித்தான் நின்றது நினைவுக்கு வந்தது.

"அது நான் மாத்தினது, மாமா. அத்தை கழுத்து வலின்னாங்க, புதுப் பஞ்சு வச்சேன். கழிச்ச பஞ்சு கூடையிலதான் கிடக்கு."

"யாரைக் கேட்டு மாத்தினே?" என்றாள் மாமியார்.

"யாரையும் கேக்கல, அத்தை."

மாமனார் கூடைக்குள் கைவிட்டார். கட்டி ஒன்று அகப்பட்டது. தொழில் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே அதைப் பிசைந்தன; அது உதிர்ந்து வெறும் பஞ்சானது. அவர் வெட்கப்பட்டாரோ என்னவோ, எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மாமியார் வாசலைப் பார்த்தாள். "வந்ததுதான் வந்தீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. பொண்ணு இங்கேயே இருக்கட்டும்."

அன்று வில் சத்தம் கேட்கவில்லை. பிற்பகலில் மாமியார் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்து வெயிலுக்குப் போனாள். அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கி வெகு நாளாகிறது. நூல் கோத்துத் தருகிறேன் என்று மருமகள் நீட்டிய கையில் ஊசியைக் கொடுக்கவில்லை. கோணல்மாணலாகத் தானே தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். அப்போது இருமல் வந்தது. அடக்கினாள், மறுபடியும் வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்து, அந்த இடத்தை உள்பக்கமாக மடித்துக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். மருமகள் தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"பஞ்சுத் தூசி," என்றாள் மாமியார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே, அத்தை."